ஆட்டுத்தோல் நிலா

சென்ற வாரம் நசீமுன்னிசாவைத் திருப்பத்தூர் நாடகக் கொட்டகையின் மூங்கில் பரணில் கயிறு கட்ட ஏற்றிவிட்டு, ஏணியையும் எடுத்துக்கொண்டு நாம் வந்துவிட்டோம். ஒரு வாரமாக அந்தப் பெண் அங்கேயே தொங்குகிறாளா என்று யாரும் வருந்த வேண்டாம். அவள் அன்றைக்கே இறங்கிவிட்டாள். ஏணி இல்லாமல், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, புர்காவை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். சர்க்கஸ்காரர்கள் யாராவது அதைக் கண்டிருந்தால் அந்த இடத்திலேயே சம்பளம் பேசி முடித்திருப்பார்கள் என்று கொட்டகை மேஸ்திரி வேலு சத்தியம் செய்தான்.

இத்தனைக்கும் அவள் ஆம்பூர் தோல் வியாபாரி மக்பூல் அகமதுவின் மனைவி. வாசலைத் தாண்டினால் வண்டி, வண்டியைச் சுற்றி நாலு பக்கமும் துணி என்று வாழ்ந்தவள்.

முதல் தடவையாக இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்களுக்கு, நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

அந்தக் காலத்து ஆம்பூரில் ஆட்டுத்தோலுக்கு ஆயிரம் வைத்தியர்கள் இருந்தார்கள். பிள்ளை பெறுகிற பெண்ணுக்கு ஒரு லேடி டாக்டர் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நசீமுன்னிசாவுக்குப் பிறந்த பெண் குழந்தை அழவே இல்லை. வேலூரிலிருந்து டாக்டரம்மா வந்து சேர்ந்தபோது வீட்டிலிருந்தவர்கள் அழுது முடித்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஊரில் நாலு பேர் கூடி, ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கட்டுவது, அதற்காக ஊர் ஊராகத் தர்ம நாடகம் போடுவது என்று கிளம்பினார்கள். முதலில் ஆம்பூர், அப்புறம் வாணியம்பாடி, திருப்பத்தூர், கடைசியில் வேலூர். காரியதரிசி, மக்பூலின் தம்பி இஷ்தியாக் அகமது. நாடகம் என்றால் சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம், கட்டிய லுங்கி நழுவினாலும் கவலையில்லை என்கிற ஆள்.

திரை மறைவில் வாழ்கிற கோஷாப் பெண்கள் வாசலில் வந்து நிற்கிற ஆண்களுக்குத் தர்மம் தர மாட்டார்கள். அண்ணி கூட வந்தால் வீட்டுக்குள்ளே போய்க் கேட்கலாம் என்று இஷ்தியாக் சொன்னான். அதற்கு மட்டும் மக்பூல் சம்மதித்தார். அதற்கு மட்டும் என்ற இரண்டு வார்த்தையைக் கொஞ்சம் அழுத்திப் படிக்கவும்.

ஏனென்றால், ஆம்பூர் ஒத்திகையிலேயே காகித நிலா விளக்குச் சூட்டில் பற்றிக்கொண்டு எரிந்தது. நந்தவனத்தில் ராஜகுமாரி பாட வேண்டும், வானத்தில் நிலா இல்லை. அப்போது நசீமுன்னிசா தங்கள் டேனரியிலிருந்து ஓர் ஆட்டுத்தோலை வரவழைத்தாள். சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கிய தோல். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்டுப் பதனிட்டால் சிவந்துவிடும், வெளிச்சம் வராது என்று அதைப் பச்சையாகவே வைத்துக்கொண்டு, கண்ணாடி மாதிரி ஆகும் வரைக்கும் சுரண்டினாள். வண்டிச் சக்கரத்துப் பட்டையில் இழுத்துக் கட்டி, பின்னால் லாந்தரை மாட்டினாள்.

வந்ததய்யா ஒரு நிலா. ஆண்டவன் படைத்தது அதன் பக்கத்தில் வந்தால் கொஞ்சம் கூச்சப்படும். தோலில் ஓடிய மெல்லிய நரம்புகள் வெளிச்சத்தில் ஆறுகளாகத் தெரிந்தன. முதுகெலும்பு இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மலைத்தொடர். அது மேலே ஏறும்போது கொட்டகையில் கைக்குழந்தைகள்கூடப் பால் குடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

அன்றிலிருந்து நிலாவுக்கு அவள்தான் எஜமானி. அதற்கு இரண்டு கயிறு. தூக்குக் கயிற்றை ஒரு பலசாலி பிடித்து மேலே இழுப்பான். இழுவைக் கயிற்றை அவள் பிடித்து, அந்த நிலாவை வானத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடத்திக்கொண்டு போவாள்.

ஒரு மனுஷி எந்த நாளில் மாறினாள் என்று யாரால் சொல்ல முடியும்? நாடகத்துக்கு உடுப்பு தைக்க வந்த அமிர்தவள்ளியைக் கேட்டால், வாணியம்பாடியில் என்பாள். அங்கேதான் பேகம்மா ஒரு தேக்சா நிறையப் பிரியாணியைத் தனியாளாகத் தீர்த்தாளாம். ஒரு தட்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருஷமாகக் கொறித்துக்கொண்டிருந்தவள், தட்டைத் துடைத்து வைத்தாள். பிறகு குரல் வந்தது. இருட்டில் நின்று, இன்னும் ஒரு முழம், இன்னும் ஒரு சாண் என்று உத்தரவு போடுகிற குரல். உள்ளங்கையில் கயிறு தேய்த்துக் காய்ப்பு ஏறியது. சும்மா இருக்கும்போதெல்லாம் அதைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொள்வாள், புது நகை வாங்கியவள் மாதிரி.

மேடையின் பக்கத் திரைக்குள் நிற்பவளுக்கு அரண்மனையின் பின்புறம் தெரியும். அது கோணிப்பையும் வஜ்ஜிரப் பசையும். காடு, கரியும் மஞ்சளும். முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நிலாவின் முகம் மட்டும்தான். அவளுக்கு அதன் முதுகும் தெரியும். எல்லாம் பொய் என்று தெரிந்த பிறகும் ஒவ்வொரு தடவையும் நிலா எழும்பும்போது அவளுக்குள் ஏதோ ஒன்று கூடவே எழும்பியது. அது எப்படி என்று அவள் யோசித்துப் பார்த்ததுண்டு. யோசனை முடிவதற்குள் காட்சி முடிந்துவிடும்.

இனி, அவள் பரணிலிருந்து இறங்கின மறுநாள், அந்த வியாழக்கிழமைக்கு வருவோம்.

காலையில் கொட்டகை வாசலில் நாய்கள்.

சாமான் வண்டி திருப்பத்தூர் எல்லையைத் தொட்டதிலிருந்தே அவை பின்னால் வந்துகொண்டிருந்தன. ஊர் நாய்கள் போதாதென்று, ஜோலார்பேட்டை ஸ்டேஷன் நாய்கள் ரயிலேறி வந்ததாகவும், டிக்கட் பரிசோதகரை அவை லட்சியம் செய்யவில்லை என்றும் கேள்வி. குழுவில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ராஜகுமாரி வேஷம் போடுகிற தானியேல், தோல் மண்டியில் கணக்கு எழுதுபவன், அமிர்தவள்ளியின் புருஷன், தர்மத்துக்காக மீசையை எடுத்தவன், தன் சங்கீதத்துக்கு வாயில்லாப் பிராணிகளும் மயங்குகின்றன என்று அடக்கத்தோடு சொல்லிக்கொண்டான். அவன் பெண்டாட்டி மட்டும், மயங்கின மாதிரித் தெரியலையே, பசியாட்டம்ல தெரியுது என்றாள்.

அப்போதுதான் இஷ்தியாக் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். வழக்கமாக அவன் கால் தரையில் படாத ஆள்.

"பாய்ஜான் மத்தியான ரயில்ல வர்றாரு, பாபி. சாயங்கால ரயிலுக்கு உங்களக் கூட்டிட்டுப் போறாராம். ஜட்காகூடச் சொல்லி வெச்சுட்டாரு."

வாணியம்பாடிப் பட்டை வியாபாரி ஒருவர் மக்பூலிடம் போய், முதலாளி, வேஷக்காரங்களுக்கு நடுவுல நிலாவத் தூக்குறது உங்க வீட்டம்மாவாமே என்று சாவகாசமாகக் கேட்டுவிட்டாராம். மக்பூல் நம்பவில்லை. நம்பாத விஷயத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, பார்த்த கையோடு அழைத்துப் போகப் புறப்பட்டுவிட்டார்.

நசீமுன்னிசா உடுப்புப் பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

ஆம்பூர் வீட்டில் அவளுக்கு ஓர் அறை உண்டு. குழந்தை போனதற்கப்புறம் அவள் அந்த அறையில்தான் படுத்திருந்தாள், சுவரைப் பார்த்தபடி. சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த இடங்கள் இருந்தன. பார்க்கப் பார்க்க அவை ஊர்களாயின, கடலாயின, அவளே பெயர் வைத்த தீவுகளாயின. அந்தத் தீவுகளில் அவள் வருஷக்கணக்கில் அலைந்தாள். யார் வந்து கூப்பிட்டாலும் கேட்கவில்லை. இப்போது வேலூர்க் காட்சிக்கு முன்னால் திரும்பிப் போனால், போய்ச் சேருகிற இடம் ஆம்பூர் அல்ல, அந்தச் சுவர். இந்த முறை தன்னால் எழுந்து வர முடியாது என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

புருஷனிடம் நேராகச் சொல்லிவிட வேண்டியதுதானே என்றாள் அமிர்தவள்ளி. அவள் தன் புருஷனிடம் எதையும் நேராகத்தான் சொல்லுவாள். பாதி ஊருக்குக் கேட்கும்.

"அவரு உக்காந்து கேட்டாத்தானே. நான் வாயத் தொறந்தா அவருக்குத் தோல் ஞாபகம் வந்துடும்."

அது நிஜம். மக்பூல் அகமது கெட்டவர் அல்ல. அடித்தவரும் அல்ல, அதட்டியவரும் அல்ல. ஆனால் இரண்டு வருஷத்தில் எப்போதெல்லாம் அவள் அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்தாளோ, அப்போதெல்லாம் அவர் எழுந்து, சுண்ணாம்புத் தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய்விடுவார். நடு ராத்திரியாக இருந்தாலும், பெருநாளாக இருந்தாலும் சரி. அந்த இரண்டு வருஷத்தில் ஆம்பூர்த் தொட்டிகளை அவர் பார்த்த மாதிரி, பெற்ற தாய்கூடத் தொட்டிலைப் பார்த்திருக்க மாட்டாள். தோல் வியாபாரம் அமோகமாக நடந்தது.

சரி, இன்றைக்குக் கடைசி முறையாகத் தூக்குவோம் என்று நசீமுன்னிசா எழுந்து, லாந்தரின் திரியைக் கத்தரிக்கப் போனாள்.

அன்று பிற்பகல் நடந்தது கோஷாக் காட்சி. பெண்களுக்கு மட்டும். கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் இழுத்துக் கட்டி, ஓட்டைகளில் வைக்கோல் திணித்து, பட்டப்பகலை வெளியே நிறுத்தியிருந்தார்கள். மேடைக்கும் சபைக்கும் நடுவில் மூங்கில் சிக்குத் தட்டி. உள்ளேயிருந்து பெண்கள் பார்க்கலாம், அவர்களை வேஷக்காரர்கள் பார்க்க முடியாது. திருப்பத்தூர்ப் பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான். அன்று ஊரில் ஒரு வீட்டில்கூட அடுப்பு எரியவில்லை, காக்கைகள் பசியோடு வீடு திரும்பின என்று சொன்னார்கள்.

வாசலில் டிக்கட் வாங்க எல்லம்மா என்ற ஒரு மலையை நிறுத்தியிருந்தான் இஷ்தியாக். சக்கரவர்த்தியே வந்தாலும் மீசையிருந்தால் உள்ளே போக முடியாது என்பது அவளுக்கு உத்தரவு. மக்பூல் அகமது ரயிலிறங்கி, துருக்கித் தொப்பியும் நீண்ட கோட்டுமாக வந்து நின்று, இந்த நாடகத்துக்குத் துணி, விளக்கு, ரயில் செலவு எல்லாம் கொடுத்தது தான்தான் என்று எடுத்துச் சொன்னார். எல்லம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படின்னா மீசைய எடுத்துட்டு வா பாய் என்றாளாம். மக்பூல் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

இதெல்லாம் நசீமுன்னிசாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் அவள் பக்கத் திரைக்குள் இருட்டில் நின்றுகொண்டிருந்தாள். மேடையில் நந்தவனம். தானியேல் பச்சைச் சேலையில் வந்து, கன்னத்தில் கை வைத்து, இளவரசன் வரவில்லையே என்று பாடத் தொடங்கினான். அவள் தலையசைத்தாள். தூக்குக் கயிறு இழுபட்டது. மரங்களுக்குப் பின்னாலிருந்து நிலா கிளம்பியது.

தட்டிக்கு அந்தப் பக்கம் நூற்றுக்கணக்கான வளையல்கள் ஒரே சமயத்தில் அசைவதை நிறுத்தின.

அந்த நிசப்தத்துக்காகத்தான் அவள் உயிரோடிருந்தாள் என்றால் அதிகம் இல்லை. கயிற்றை விரல் விரலாக விட்டாள். நிலா மெல்ல நகர்ந்தது. கீழே தானியேலின் பச்சைச் சேலை வெள்ளியாயிற்று. தூசி மிதந்தது. ஆம்பூர் வீடு, சாயங்கால ரயில், பட்டை வியாபாரி எல்லாம் எங்கோ ஒரு கிணற்றுக்குள் விழுந்து சத்தமில்லாமல் அமிழ்ந்தன. எங்கும் தண்ணீர் மாதிரி வெளிச்சம். தான் நிற்கிறோமா மிதக்கிறோமா என்று பார்க்க அவள் காலை ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

அப்போது முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். அடுத்தவளும் பொத்தினாள். மூன்றாம் வரிசையில் யாரோ, இன்னாடி இது, ஏதாவது செத்துக் கெடக்குதா என்றாள்.

செத்துக் கிடக்கவில்லை, வானத்தில் பவனி வந்துகொண்டிருந்தது. பச்சைத் தோல், பின்னால் லாந்தர்ச் சூடு, நான்கு பக்கமும் அடைத்த கொட்டகை. நாற்றம் என்றால் சாமானிய நாற்றமா? கோபுரத்துப் புறாக்கள் திசை மாறிப் பறந்தன. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இதே நிலா இதே மாதிரி நாறிக்கொண்டுதான் போயிற்று. ஒரு ஆத்மாவும் கவனிக்கவில்லை. தோல் ஊரில் பிறந்தவர்களுக்கு மூக்கு என்பது முகம் அழகாக இருப்பதற்காக வைத்தது; அந்த வாடை அவர்களுக்குக் காற்று. சுரண்டியவளுக்கும் தெரியவில்லை, தூக்கியவனுக்கும் தெரியவில்லை, அதனடியில் நின்று உருகி உருகிப் பாடிய தானியேலுக்கும் தெரியவில்லை. திருப்பத்தூர் நாய்களுக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரிந்திருந்தது.

தார்ப்பாயின் அடியில் ஒரு மூக்கு நுழைந்தது. பிறகு ஒரு தலை. பிறகு ஒரு சைன்யம்.

தூக்குக் கயிற்றைப் பிடித்திருந்த பலசாலிக்கு நாய் என்றால் சிறு வயதிலிருந்தே ஆகாது. கயிற்றை வேலுவின் கையில் திணித்துவிட்டு அவன் பரண் மேல் ஏறியவன், சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இறங்கினான். கயிற்றைக் கட்டி வைக்கும் முளையை ஒரு செவலை நாய் தன் கழுத்துச் சங்கிலியில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. வேலு ராஜகுமாரியைக் காப்பாற்றப் போகவேண்டும், கையிலோ நிலா. சுற்றுமுற்றும் பார்த்தான். பின்பக்கத் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு இருட்டுக்குள் கண் தெரியாமல் ஓர் உருவம் தட்டுத்தடுமாறி வந்தது.

"யார்யா அது, மரமாட்டம் நிக்கிற. இதப் பிடி. ரெண்டு கையாலயும் பிடி. விட்டீன்னா லாந்தர் மேடைல விழுந்து கொட்டாயே எரிஞ்சுடும்."

அந்த உருவம் கயிற்றைப் பிடித்தது. எதற்கோ ஆட்சேபம் சொல்லப்போகிறவர் மாதிரி ஒரு முறை தொண்டையைச் செருமியது.

நசீமுன்னிசாவுக்கு முகம் பார்க்கத் தேவைப்படவில்லை. உலகத்தில் அப்படிச் செருமுகிறவர் ஒரே ஒருவர்தான்.

கை தளர்ந்து நிலா ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சபையில் ஓ என்றார்கள். அந்தச் சத்தம் அவளை எழுப்பியது. அவர் யாராக இருந்தால் என்ன, நிலா சாய்கிறது.

"இன்னும் ரெண்டு முழம் இழுங்க. மெதுவா."

மக்பூல் அகமது இழுத்தார். ஏன் இழுத்தோம் என்று அவருக்கே தெரியாது. அந்தக் குரலில் சொன்னால் தேரும் நகரும். நிலா நிமிர்ந்தது. அதற்குப் பிறகுதான் அவர் திரும்பினார்.

"நசீம்?"

"மேல பாருங்க. என்னப் பாத்தா கயிறு தளரும்."

மேடையில் நாய்கள் தானியேலை விட்டுவிட்டன. அவை வந்தது அவனுக்காக அல்ல. வானத்தை அண்ணாந்து பார்த்தன, எம்பிப் பார்த்தன, எட்டவில்லை. பிறகு நிலாவுக்கு நேர் கீழே வரிசையாக உட்கார்ந்து, மூக்கை உயர்த்தி, ஊளையிட ஆரம்பித்தன. தானியேல் கலைஞன். பாட்டை நிறுத்தவில்லை. அவன் ஒரு அடி பாட, அவை ஒரு அடி பாடின. சுருதி விலகவில்லை என்று சங்கீதம் தெரிந்தவர்கள் பிற்பாடு சாட்சி சொன்னார்கள். திருப்பத்தூர்ப் பெண்கள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் தொடையில் தட்டிக் கரகோஷம் செய்தார்கள்.

வேலு தட்டி ஓரமாக ஓடிவந்து கிசுகிசுத்தான். நிலா மேலே இருக்கிற வரைக்கும் நாய்கள் பேசாமல் உட்காரும். இறக்கினால் தின்றுவிடும். அடுத்த காட்சி நடக்கட்டும், அதற்குள் ஏதாவது செய்கிறேன், இறக்காதீர்கள் என்றான். போகும்போது புது ஆளின் முதுகில் தட்டி, பேஷ், நல்ல பிடி என்றான்.

இப்படியாக, ஆம்பூர்த் தோல் வியாபாரத்தின் பெரும்புள்ளி தலைக்கு மேல் நிலாவைத் தூக்கிக்கொண்டு, எங்கேயும் போக முடியாமல் நின்றார். பக்கத்தில் அவர் மனைவி, இன்னொரு கயிற்றோடு.

அவர்கள் பேசியது பாதி உருது, பாதி தமிழ். முழுவதையும் தமிழாகவே கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஜட்கா நிற்கிறது என்றார். கோட்டு தோளில் கிழிகிறது என்றார்.

"வீட்ல நீங்க உக்கார மாட்டீங்க. இங்க நில்லுங்க, சொல்றேன்." அவள் நிலாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சாயங்காலம் நான் வரல. வேலூருக்குப் போறேன். அங்கயும் இதத் தூக்குவேன். அதுக்கப்புறம் வர்றேன்."

அவருக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்துக்குக் கையை ஓங்க வேண்டும், அல்லது நடக்க வேண்டும். இரண்டுக்கும் வழியில்லை. பாவம், கோபம் அங்கேயே நின்று ஆறிப்போயிற்று.

"ஊர் இன்னா சொல்லும், நசீம்?"

"நிலா நல்லாருக்குன்னு சொல்லும்."

மேடையில் திரை மாறி ராஜசபை வந்தது. உச்சிப் பகல், சூரியனைப் போல் விளங்கும் எங்கள் மன்னா என்று மந்திரி தொடங்கி, மேலே பார்த்துத் திகைத்து, பிறகு தொடர்ந்தார். சபையில் ராஜாவுக்கு இருபுறமும் நாய்கள் பிரதானிகளாக அமர்ந்திருந்தன. தலைக்கு மேல் பூரணச் சந்திரன். பகலா இரவா என்று யாரும் கேட்கவில்லை. அந்த வெளிச்சத்தில் அப்படிக் கேட்கத் தோன்றாது.

கயிறு மூங்கிலில் உராய்ந்து முனகிக்கொண்டிருந்தது. அவருடைய மூச்சு தன் மூச்சோடு சேர்ந்துகொள்வதை நசீமுன்னிசா கவனித்தாள். கனம் தூக்குகிற இரண்டு பேருக்கு அப்படி ஆகிவிடும். இரண்டு வருஷமாக உள்ளே கிடந்த ஒன்று, இருட்டில் தானாக மேலே வந்தது.

"அவ கண்ணத் தொறந்து பாத்தா. உங்களுக்கு யாரும் சொல்லல."

வழக்கமாக அவர் எழுந்து போகிற நேரம் இது. கால் ஒன்று தன்னால் நகரப் பார்த்தது. கயிறு அவரை நிறுத்தியது.

அவள் சொன்னாள். உரக்கச் சொல்லவில்லை, அழுதுகொண்டும் சொல்லவில்லை. நிலாவை நடத்துகிற அதே நிதானத்தில் சொன்னாள். குழந்தை அழவில்லையே தவிர, கொஞ்ச நேரம் இருந்தது. மருத்துவச்சி கையில் வைத்திருந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. கண் கொட்டாமல், எதையோ கேட்டுக்கொள்கிற மாதிரி. வெளியே ஆண்கள் கூடி நின்றார்கள். துணியில் சுற்றித்தான் அவரிடம் கொடுத்தார்கள். சுற்றினதைப் பிரிக்காமலே அவர் கொண்டுபோனார்.

"நான் ஒருத்திதான் பாத்தேன். நான் ஒருத்தியே வெச்சுக்கிட்டுக் கெடந்தேன். நீங்க கேக்கவே இல்ல."

மேடையில் மந்திரி யாரையோ நாடு கடத்திக்கொண்டிருந்தார். ஒரு நாய் கொட்டாவி விட்டது.

மக்பூல் அகமது மேலே பார்த்தபடியே இருந்தார். தோலின் ஆறுகளும் மலையும் அவர் முகத்தில் நிழலாக விழுந்து அசைந்தன. தொண்டையைச் செருமினார். செருமல் பாதியில் உடைந்தது.

"யார் மாதிரி இருந்தா?"

நசீமுன்னிசா திரும்பி அவரைப் பார்த்தாள். நிலா எங்கே போனாலும் போகட்டும் என்று, நன்றாகப் பார்த்தாள்.

"உங்க காது. அப்படியே உங்க காது. பொண்ணுக்கு இவ்ளோ பெரிய காதான்னு பாவமா இருந்துச்சு."

அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். காதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல் தலையைத் தோளில் சாய்த்தார்; இரண்டு கையிலும் கயிறு. தோள்கள் குலுங்கின. கோட்டு கிழிந்தது. ராஜசபைக்கு மேலே நிலாவும் குலுங்கியது. முன்வரிசைப் பெண்கள் மூக்கிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு, அது ஏன் அப்படி நடுங்குகிறது என்று அண்ணாந்து பார்த்தார்கள்.

ஒரு கூடை எலும்போடு கடைத்தெருவிலிருந்து ஓடிவந்த வேலு, நாய்களை வெளியே இழுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்து, வேலை முடிஞ்சது பாய், இறக்கலாம் என்றான்.

வெளியே ஜட்காக்காரன் ரயிலுக்கு நேரமாகிறது என்று குரல் கொடுத்தான். வேலூர் பற்றி மக்பூல் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. நசீமுன்னிசா தன் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இருப்பா," என்றார் அவர் வேலுவிடம், மேலே பார்த்தபடியே. "இன்னும் கொஞ்ச நேரம் மேலயே இருக்கட்டும்."